ஏபியா, கம்யூனிட்டி காலேஜா, ஐபியா: பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படிக்க எந்த வழி?

அமெரிக்காவில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் பள்ளியிலிருந்து வந்திருக்கும். அதில் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்று சில பாடங்கள், டூயல் என்ரோல்மென்ட் (பள்ளியில் இருந்தபடியே கல்லூரியிலும் சேர்ந்து படிப்பது) என்று சில பாடங்கள், பள்ளியைப் பொறுத்து ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்று ஒரு தனிப் பிரிவு. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரப் பாடத்தைப் படித்துக் கல்லூரிக் கிரெடிட்டும் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) பெறலாம் என்று மூன்றுமே சொல்கின்றன. எது நல்லது என்று கேட்டால் வாட்ஸாப் குழுவில் வரும் பதில் பெரும்பாலும் எண்ணிக்கையாக இருக்கிறது: இன்னார் மகன் பதினொரு ஏபி எடுத்தான், இன்னார் மகள் பள்ளிச் சான்றிதழோடு அசோசியேட் என்ற ஈராண்டுக் கல்லூரிப் பட்டமும் வாங்கினாள். அந்த எண்ணிக்கையால் முடிவெடுக்க முடியாது. கிரெடிட்டை யார் கொடுக்கிறார்கள், எதன் பேரில் கொடுக்கிறார்கள், படிப்பு சரியாகப் போகாவிட்டால் அதன் சுவடு எங்கே தங்குகிறது என்ற மூன்றும் வழிக்கு வழி மாறுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு அங்கேதான் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், கிரெடிட் போய்ச் சேரும் இடம். பள்ளியோ தேர்வு வாரியமோ என்ன சொன்னாலும், கிரெடிட்டை ஏற்பதா வேண்டாமா என்பது பிள்ளை பின்னால் சேரப்போகும் கல்லூரியின் முடிவு. அரசுப் பல்கலைக்கழகங்களைப் பல மாநிலங்கள் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கின்றன. இலினாயில் ஏபி தேர்வில் 3 வாங்கினாலே அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும். டெக்சாஸில், அடுத்த நிலைப் பாடத்துக்கு அதிகம் தேவை என்று பல்கலைக்கழகமே காரணம் காட்டினாலொழிய 3க்கு மேல் கேட்கக் கூடாது. தனியார் கல்லூரிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. டார்ட்மத் கல்லூரி 2018இல் பட்டம் பெறவிருந்த வகுப்பிலிருந்து ஏபிக்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. பிரௌன் பல்கலைக்கழகமும் பட்டத்துக்குத் தேவையான பாட எண்ணிக்கையில் ஏபியைச் சேர்ப்பதில்லை.

இதிலேயே இன்னொரு நுணுக்கமும் உண்டு. கிரெடிட் கிடைப்பது வேறு, கட்டாயப் பாடம் ஒன்று கழிவது வேறு. கல்லூரி நான்கு கிரெடிட்டை விருப்பப்பாடக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, அதே பாடத்தைத் துறையின் கட்டாயப் பட்டியலில் மறுபடியும் எடுக்கச் சொல்லலாம். ‘முப்பது கிரெடிட்டோடு போனான், ஆனாலும் நாலு வருஷம் ஆயிற்று’ என்று கேள்விப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, வெளிப்படையான கட்டணத்தோடு மறைந்திருக்கும் செலவும் சேர்ந்த மொத்தம். மூன்றாவது, தோற்றால் கொடுக்க வேண்டிய விலை. பெற்றோர் மிகக் குறைவாக யோசிப்பதும் என் கணிப்பில் மிக முக்கியமானதும் இதுதான். நான்காவது, குடும்பம் வேறு மாநிலத்துக்கு மாறினால் என்ன ஆகும் என்பது. புராஜெக்டை ஒட்டி ஊர் மாறும் வேலையில் இருப்பவர்கள் இதை லேசாக விட முடியாது.

| | ஏபி | டூயல் என்ரோல்மென்ட் | ஐபி டிப்ளமோ |
|---|---|---|---|
| கிரெடிட் எதன் பேரில் | மே மாதத் தேர்வின் 1 முதல் 5 வரையான மதிப்பெண் | பருவம் முழுவதற்குமான கல்லூரிக் கிரேடு | பாடத்துக்கு 1 முதல் 7 வரையான மதிப்பெண். பெரும்பாலும் உயர்நிலை (ஹையர் லெவல்) பாடங்களுக்கு மட்டும் |
| சரியாகப் போகாவிட்டால் | மதிப்பெண்ணைக் காட்டாமல் விடலாம் | கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (அதிகாரபூர்வக் கிரேடு பதிவேட்டில்) நிலைத்துவிடும் | டிப்ளமோ கைநழுவலாம்; பாடச் சான்றிதழ் மிஞ்சும் |
| மாநிலம் மாறினால் | பாதிப்பு மிகக் குறைவு | ஒப்பந்தங்கள் செல்லாமல் போகலாம் | நடுவில் மாறுவது கடினம் |
| முடிவெடுக்கும் காலம் | ஆண்டுதோறும் | பருவந்தோறும் | பத்தாம் வகுப்பு |

## ஏபி

ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடு 1950களில் ஒரு சில பள்ளிகளின் சோதனை முயற்சியாகத் தொடங்கியது இது. 1955 முதல் காலேஜ் போர்டு என்ற லாபநோக்கற்ற தேர்வு நிறுவனம் நடத்துகிறது. இன்று ஏறத்தாழ நாற்பது பாடங்கள் இருக்கின்றன. பள்ளியிலேயே, பள்ளி ஆசிரியரிடமே ஓராண்டு படிக்கிறார்கள்; மே மாதம் நாடு முழுவதும் ஒரே தேர்வு; ஜூனில் கல்லூரி, பள்ளி ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துகிறார்கள்; ஜூலையில் முடிவு வருகிறது. 2025இல் ஒரு தேர்வுக்கு 99 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. சில மாநிலங்களும் மாவட்டங்களும் கட்டணத்தைத் தாமே ஏற்கின்றன. தாமதமாகப் பதிவு செய்தால் 40 டாலர் கூடுதல். பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டாலும் 40 டாலர் போய்விடும்.

இதன் பெரிய பலம், வகுப்புக் கிரேடும் தேர்வு மதிப்பெண்ணும் தனித்தனியாக நிற்பதுதான். பெரும்பாலான பள்ளிகளின் டிரான்ஸ்கிரிப்டில் ஏறுவது வகுப்புக் கிரேடு மட்டுமே. தேர்வில் 2 வாங்கினால், விண்ணப்பிக்கும்போது அதைக் குறிப்பிடாமல் விடலாம். வேண்டுமானால் காலேஜ் போர்டிடம் கட்டணமின்றி அந்த மதிப்பெண்ணையே ரத்து செய்துவிடலாம். அதாவது ஒரு மே மாதக் காலைப்பொழுது மோசமாகப் போனாலும் இழப்பு கட்டணமும் கிரெடிட்டும்தான். பிள்ளையின் பெயரோடு ஒன்றும் ஒட்டிக்கொள்வதில்லை. கடினமான பாடத்தைத் துணிந்து எடுத்துப் பார்க்க விரும்பும் மாணவருக்கு இது பெரிய சுதந்திரம்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஓராண்டு உழைப்பு முழுவதும் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் தீர்மானமாகிறது. வகுப்பில் ஏ வாங்கிய மாணவர் தேர்வில் 2 வாங்குவது அரிதல்ல, குறிப்பாக அந்தப் பாடத்தை முதல்முறையாக நடத்தும் ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கும் ஏபியின் மதிப்பெண் கல்லூரி அனுமதி முடிந்தபிறகே வருகிறது என்பதால், அது அனுமதிக்கு உதவாது, கிரெடிட்டுக்கு மட்டுமே உதவும்.

ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) கூட்டுவதற்காக ஏபிகளை அடுக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஜிபிஏ கணக்கில் ஏபி போன்ற பாடங்களுக்கான கூடுதல் புள்ளியை எட்டுப் பருவங்களுக்கு, அதாவது நான்கு முழு ஆண்டுப் பாடங்களுக்கு, மட்டுமே தருகிறது. அதற்குப் பிறகு சேரும் ஒவ்வொரு ஏபியும் தேர்ந்தெடுத்த பாடங்களின் கடினத்தைக் காட்டுமே தவிர அந்த எண்ணை ஏற்றாது.

ஏபியின் வாசல் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஏபி கால்குலஸ் எடுக்க, வழக்கமான வரிசையில், எட்டாம் வகுப்பிலேயே முதல் அல்ஜீப்ரா முடிந்திருக்க வேண்டும். பிறகு ஜியோமெட்ரி, இரண்டாம் அல்ஜீப்ரா, ப்ரீகால்குலஸ் என்று ஆண்டுக்கு ஒன்று. ஆகவே கால்குலஸ் முடிவு பல பள்ளிகளில் ஆறாம் ஏழாம் வகுப்பில், பெற்றோருக்கே தெரியாமல், ஒரு நிலைத் தேர்வில் நடந்து முடிந்துவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு, நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2024இல் அதைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்ததன் பின்னணியில் இருந்த சண்டையும் இந்த வரிசையைப் பற்றியதே. மாறாக, வாஷிங்டன் மாநிலம் தகுதித் தேர்வில் தேறியவர்களை அடுத்த உயர்நிலைப் பாடத்தில் தானாகவே சேர்த்துவிடும்படி பள்ளி மாவட்டங்களுக்குச் சட்டம் போட்டிருக்கிறது. விருப்பமில்லாத பெற்றோர்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும்.

பள்ளியில் குறிப்பிட்ட ஏபி பாடம் இல்லையென்றால், மாநில இணையப் பள்ளியில் படிக்கலாம், அல்லது தானே படித்துத் தேர்வை மட்டும் எழுதலாம். ஆனால் தேர்வு எழுத இடம் தரும் பள்ளி ஒன்றைப் பெற்றோரே கண்டுபிடிக்க வேண்டும். பதிவு நவம்பர் நடுவில் முடிந்துவிடுகிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பத்தாண்டு படித்த பிள்ளைக்கு இங்கே பயனில்லை என்பதையும் சொல்லிவிடலாம்: ஏபி மொழிப் பாடங்களில் ஜெர்மனும் ஜப்பானியமும் லத்தீனும் உண்டு, தமிழ் இல்லை.

## டூயல் என்ரோல்மென்ட்

பள்ளி மாணவர் ஒரு கல்லூரியில், பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில், முறைப்படி சேர்ந்து பாடம் படிப்பது இது. மினசோட்டா 1985இல் மாநில அளவில் இதைச் சட்டமாக்கியது. இப்போது விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வெகுவாக வேறுபடுகின்றன. மினசோட்டாவில் கல்விக் கட்டணமும் புத்தகமும் இலவசம். வாஷிங்டனின் ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் புத்தகமும் போக்குவரத்தும் குடும்பத்தின் பொறுப்பு. ஒஹாயோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ் ஏழாம் வகுப்பு முதலே திறந்திருக்கிறது. ஜார்ஜியா 2020இல் மாநிலம் பணம் கட்டும் அளவை 30 கிரெடிட் மணியோடு நிறுத்திக்கொண்டது.

பெயர் ஒன்றானாலும் இதில் இரண்டு வகை இருக்கின்றன. கல்லூரி வளாகத்துக்குச் சென்று (அல்லது அதன் இணைய வகுப்பில்) கல்லூரி மாணவர்களோடு, கல்லூரி ஆசிரியரிடம் படிப்பது ஒன்று. கல்லூரியின் ஒப்புதலோடு பள்ளி ஆசிரியரே பள்ளி வகுப்பறையில் நடத்துவது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆசிரியரிடம் பொதுவாக அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமோ, முதுகலை நிலையில் 18 கிரெடிட்டோ எதிர்பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஆசிரியர் கிடைக்காத சிற்றூர்ப் பள்ளிகளில் இந்த வழி எளிதில் திறப்பதில்லை. சில தனியார் பல்கலைக்கழகங்கள் இந்த வகைக் கிரெடிட்டை ஏற்பதேயில்லை; பள்ளிச் சான்றிதழுக்காகக் கணக்கில் எடுக்கப்பட்ட கல்லூரிப் பாடத்தை மறுபடியும் பட்டத்துக்காகக் கணக்கிட மறுப்பவையும் உண்டு.

இதன் பலம் மூன்று இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. முதலாவது, ஒரே தேர்வை நம்பியிருக்க வேண்டியதில்லை: பருவம் முழுவதும் ஒழுங்காகப் படித்து சி கிரேடோ அதற்கு மேலோ வாங்கினால் கிரெடிட் கைக்கு வந்துவிடுகிறது, அதே மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் அதைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கிறது. ஃபுளோரிடாவில் அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான பாட எண் முறை இருப்பதால் இதில் குழப்பம் இன்னும் குறைவு. இரண்டாவது, ஏபியின் பட்டியல் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. பதினோராம் வகுப்பிலேயே ஏபி கால்குலஸ் பிசி (இரண்டு ஏபி கால்குலஸ் பாடங்களில் பெரியது) முடித்தவருக்கு அடுத்ததான பலமாறிக் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா போன்றவை பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் உண்டு.

மூன்றாவதை நம் பெற்றோர் அதிகம் கவனிப்பதில்லை: பின்தங்கியவரை இது முன்னே கொண்டுவருகிறது. கல்லூரியில் ஒரு பருவப் பாடம், பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு ஈடாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அனுமதித் தகுதியில் அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஏழாம் வகுப்பில் கணித வரிசையைத் தவறவிட்ட பிள்ளை, பத்தாம் வகுப்புக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் முடித்து, கால்குலஸுக்கு வந்து சேர முடியும்.

இனி விலை. இந்தக் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறுகிறது. பதினைந்து வயதில் வாங்கிய டி, பிற்பாடு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் காட்ட வேண்டிய ஆவணமாகிவிடுகிறது. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்திலும் பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களைக் கிரேடோடு பட்டியலிட்டாக வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவி பெறுவோரின் படிப்பு முன்னேற்றத்தை அளக்கும்போது, முயன்ற கிரெடிட், முடித்த கிரெடிட் என்ற கணக்கிலும் இவை நுழையக்கூடும். நடுவில் விலகியதற்கான டபிள்யூ குறியும் முயன்றதாகவே எண்ணப்படும். ஒஹாயோவில் பாடத்தில் தோற்றாலோ தாமதமாக விலகினாலோ செலவைத் திருப்பித் தரும்படி பள்ளி மாவட்டம் குடும்பத்திடம் கேட்கலாம்.

இன்னொன்று, கல்லூரியில் சேர்ந்த நொடியிலிருந்து, வயது பதினாறே ஆனாலும், அந்தப் பாடம் தொடர்பான ஆவண உரிமை கூட்டாட்சிச் சட்டப்படி மாணவருடையது. பள்ளி இணையதளத்தில் தினமும் மதிப்பெண் பார்த்துப் பழகிய பெற்றோர், பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் ‘உங்கள் மகனிடமே கேளுங்கள்’ என்ற பதில் வரலாம். வீட்டுப்பாடக் காலக்கெடுவை நினைவுபடுத்த யாரும் இருக்க மாட்டார்கள். தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இது வளர்ச்சி. அந்தப் பக்குவம் இன்னும் வராதவருக்கு, அறிவு எவ்வளவு இருந்தாலும், இது கூடாது என்றே சொல்வேன்.

வண்டி ஓட்டும் உரிமம் இல்லாத பிள்ளையை நடுப்பகலில் கல்லூரிக்கு யார் அழைத்துச் செல்வது என்பதும், இணைய வழிப் பயிற்சிக்கான பதிவுக் குறியீட்டைப் புத்தக விலைக்குச் சமமாக வாங்க வேண்டியிருப்பதும் படிவத்தில் இருக்காது. எச்-4 போன்ற விசாவில் உள்ள குடும்பங்கள் கட்டணச் சலுகைக்கான மாநில வசிப்புத் தகுதி தமக்கு உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

## ஐபி டிப்ளமோ

ஜெனீவாவில் 1968இல் தொடங்கிய இந்தத் திட்டம் முழு ஈராண்டுப் படிப்பு. ஆறு பாடங்கள், அவற்றில் குறைந்தது மூன்று உயர்நிலையில். அவற்றோடு அறிவுக் கோட்பாட்டுப் பாடம், 4,000 சொல் அளவில் ஓர் ஆய்வுக் கட்டுரை, படைப்பாக்கமும் உடற்செயல்பாடும் சேவையும் சேர்ந்த ஒரு பகுதி. மொத்தம் 45 புள்ளிகள். டிப்ளமோவுக்குக் குறைந்தது 24 தேவை. எழுத்துப் பயிற்சியில் இதற்கு ஈடாக மற்ற இரண்டையும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுக்கு வெளியே, இங்கிலாந்திலோ இந்தியாவிலோ, படிக்கும் எண்ணம் இருந்தால் இதன் பெயர் நேராகப் புரிந்துகொள்ளப்படும்.

கிரெடிட் கணக்கில் மட்டும் பார்த்தால் உழைப்புக்கு வரவு குறைவு. பல கல்லூரிகள் உயர்நிலைப் பாடங்களுக்கே கிரெடிட் தருகின்றன. டெக்சாஸ் ஒரு நல்ல விதிவிலக்கு: எல்லாவற்றிலும் 4 அல்லது அதற்கு மேல் பெற்று டிப்ளமோ முடித்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகம் குறைந்தது 24 கிரெடிட் மணி தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பதினோராம் வகுப்பு முடிவில் ஊர் மாற நேர்ந்து, புதிய ஊரில் ஐபி பள்ளி இல்லையென்றால் டிப்ளமோ முயற்சி அங்கேயே நின்றுவிடும்.

## தொடக்கக் கல்லூரிப் பள்ளிகள்

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து பள்ளிச் சான்றிதழோடு அசோசியேட் பட்டமும் பெறும் பள்ளிகள் இவை. நியூயார்க்கில் 2001இல் தொடங்கிய பார்ட் பள்ளி முன்னோடிகளுள் ஒன்று. வட கரோலினாவிலும் டெக்சாஸிலும் இவை நிறைய இருக்கின்றன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவானவை. பணமே முதல் தடையாக இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. விளையாட்டு அணி, இசைக்குழு போன்றவை பெரும்பாலும் சிறியவை அல்லது இல்லை என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

## யாருக்கு எது

எந்தக் கல்லூரி என்பது தெரியாது, வேறு மாநிலமாக இருக்கலாம், கடும் போட்டியுள்ள தனியார் பல்கலைக்கழகமும் பட்டியலில் உண்டு என்றால் ஏபியே பாதுகாப்பானது. ஒரே அளவுகோல் நாடு முழுவதும் புரியும். கிரெடிட் கிடைக்காத கல்லூரியிலும் தேர்ந்தெடுத்த பாடங்களின் கடினத்தை அனுமதிக் குழு கவனிக்கும். மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு, செலவைக் குறைப்பதுதான் நோக்கம், ஊர் மாறும் வாய்ப்பு இல்லை என்றால் டூயல் என்ரோல்மென்ட் முந்துகிறது. அங்கேயும் ஆங்கிலக் கட்டுரை, அமெரிக்க வரலாறு, அரசியல் போன்ற பொதுக் கல்விப் பாடங்களை முதலில் முடிப்பது நல்லது. எந்தத் துறைக்குப் போனாலும் அவை வீணாவதில்லை.

பொறியியல் படிக்கப்போகிறவருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்தப் படிப்பில் கால்குலஸ் முடித்தால்தான் இயற்பியல், இயற்பியல் முடித்தால்தான் துறைப் பாடம் என்று பாடங்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். அறுபது பொதுக் கிரெடிட்டோடு நுழைந்தாலும் சங்கிலியின் நீளம் குறையாது. ஒவ்வொரு பருவத்தின் சுமைதான் குறையும். காலத்தைக் குறைப்பது சங்கிலியின் முதல் கண்ணிகள் மட்டுமே, அதாவது கால்குலஸ் பிசி, ஏபி இயற்பியல் சி (கால்குலஸ் வழி இயற்பியல்), அவற்றுக்கு அடுத்த கணிதம். அவற்றிலும் அரைகுறையாகத் தேறியவர் கல்லூரியில் நேராக இரண்டாம் பாடத்தில் போய் உட்காருவது ஆபத்து. 3 வாங்கியவர் கிரெடிட்டை விட்டுக்கொடுத்து முதல் பாடத்தை மறுபடியும் எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

மருத்துவம் நோக்கும் பிள்ளை கெமிஸ்ட்ரி, பயாலஜியைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிடுவது விவேகமல்ல. சில மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை அறிவியல் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் படித்திருக்க வேண்டுமென்று விரும்புகின்றன. ஏபி கிரெடிட்டை இந்த இடத்தில் ஏற்காதவையும் உண்டு. பள்ளியில் ஏபியாகப் படித்து அடித்தளம் போட்டுக்கொண்டு, கல்லூரியில் மீண்டும் எடுத்து நல்ல கிரேடு வாங்குவதே இங்கே சரியான கணக்கு.

ஏபியையும் டூயல் என்ரோல்மென்ட்டையும் கலப்பதற்குத் தடை எதுவுமில்லை. பள்ளியில் நல்ல ஆசிரியர் இருக்கும் பாடத்தை ஏபியாகவும், பள்ளியில் இல்லாததைக் கல்லூரியிலும் எடுப்பதே பல குடும்பங்களுக்குப் பொருந்தும். கல்லூரிப் பாடம் எடுப்பதானால், இலக்குப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, அந்தப் பாட எண் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்ற பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். கலிஃபோர்னியாவில் இதை அசிஸ்ட் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பாடம் முடிந்ததும் அதன் சிலபஸைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு மாநிலத்துத் துறைத்தலைவர் ஒருவர் ஈடு பார்க்கக் கேட்கப்போவது அதைத்தான், அப்போது கம்யூனிட்டி காலேஜின் இணையதளத்தில் அது பெரும்பாலும் இருக்காது.